திருப்பி அனுப்பிய கண்ணாடி

"கோர்ட்டுல நாலு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வலிக்குமா? 'என் புருஷனுக்கு வருமானம் இல்ல, முதுகு போச்சு, நான்தான் சோறு போடுறேன்'... இதைச் சொல்ல இவ்வளவு யோசனையா!"

காபி ஆறிக்கொண்டிருந்தது. மாமியார் சமையலறை வாசலை அடைத்து நின்றாள். மருமகள் அடுப்பில் இருந்த முட்டையைப் புரட்டிப் போட்டாள்.

"பாப்பா வளர்ற பிள்ளைதானே அத்தை... கேக்குறதைக் கொடுத்துட்டா என்ன?"

"கொடுத்துடுவே தாராளமா! உன் கடையையே கேக்குறாளாம் அந்த மகராசி. இன்னைக்குப் பிள்ளைக்குன்னு வருவா, நாளைக்கு உன் கல்லாவுல கை வைப்பா. பட்டாத்தான் உனக்குப் புரியும்!"

கணவர் கூடத்தில் ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தார். "நீ பொய் எதுவும் சொல்ல வேண்டாம். என் முதுகு உனக்குத் தெரியாததா? அதைச் சொல்லு. கொஞ்சம் கண் கலங்கினா இன்னும் நல்லது."

அவள் அவருக்கு இரண்டாம் மனைவி. பாப்பா, பிரிந்துபோன முதல் மனைவியின் மகள்; அம்மாவிடம் வளர்கிறாள். தெருவில் எல்லோருக்கும் 'கண்ணாடிக்காரம்மா'. மூக்குக்கண்ணாடிக் கடை அவளுடைய சொந்த உழைப்பு. லிப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்த கணவர், கல்யாணமான மறுவருடமே முதுகுவலி என்று வேலையை விட்டார். அன்றிலிருந்து அவள் கடையில்தான் ஒத்தாசை. சம்பளம் என்று எதுவும் கிடையாது. புருஷனுக்கு யார் சம்பளம் போடுவார்கள்?

அவர் செய்தது லென்ஸ் சீவும் வேலை. லென்ஸ் கடைக்கு வரும்போது வட்டமாகத்தான் வரும். அதை பிரேமின் வடிவத்துக்கு ஓரம் சீவ வேண்டும். மயிரிழை கூடினால் பிரேமுக்குள் போகாது, குறைந்தால் ஆடும். அதற்காக மெஷின் முன்னால் நாள் முழுவதும் குனிந்தே நிற்க வேண்டும். முதுகு போனவர் எப்படி இவ்வளவு குனிகிறார் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தைலம் தேய்த்துவிட்டாள்... அவ்வளவுதான்!

அவளுக்கு வேறொரு வலி இருந்தது. ஒரு விடுமுறையில் வீட்டுக்கு வந்த பாப்பாவின் கண்ணை அவளே சோதித்து, நீல பிரேமில் கண்ணாடி செய்து கணவரிடம் கொடுத்தனுப்பினாள். அடுத்த வருடம் இன்னொன்று. இரண்டு முறையும் அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "வாங்க மாட்டேன்னுட்டா. உன் கடைப் பொருள் அவ வாசப்படி ஏறக் கூடாதாம்."

அன்று அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும்.

நீதிமன்றத்தின் சமரச அறையில் நீள மேசை, தண்ணீர்க் கூஜா, ஆளுக்கொரு நாற்காலி. சமரசம் பேசும் அம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். எதிரே முதல் மனைவி, ஆஸ்பத்திரிச் சமையற்கட்டு வேலையிலிருந்து நேராக வந்தவள். மூலையில் பாப்பா. அவள் கண்ணாடியின் ஒரு காலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. சுவரில் இருந்த படத்தைக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மகளுக்குக் கொடுக்கிற தொகையைக் குறைக்கணும்னு மனு போட்டிருக்கீங்க," என்றார் சமரச அம்மாள், கணவரைப் பார்த்து.

கண்ணாடிக்காரம்மா திடுக்கிட்டாள். "மனு இவரு போட்டதா? அவங்க என் கடையைக் கேக்குறாங்கன்னு..."

"உன் கடையை எவ கேட்டா?" முதல் மனைவி வெடித்தாள். "கண்ணாடிக் கடையே வச்சிருக்க... இந்தப் பிள்ளைக்கு ஒரு கண்ணாடி கொடுக்க உனக்கு மனசு வரலயே!"

"ரெண்டு கொடுத்தேனே அக்கா! நீங்கதானே திருப்பி அனுப்பினீங்க..."

"யாரு... நானா?"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் கூஜாவைப் பார்த்தார்.

சமரச அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "இதைக் கேளும்மா. வீட்டுல ரெண்டு தண்ணித் தொட்டி இருக்குன்னு வச்சுக்க. ஒண்ணு உன்னுது, ஒண்ணு அவருது. பிள்ளையோட குழாய் அவர் தொட்டியிலதான் மாட்டியிருக்கு. உன் தொட்டியில நாங்க கை வைக்க மாட்டோம். ஆனா அவர் குளிக்கிறதும் குடிக்கிறதும் உன் தொட்டியிலன்னா, அவர் தொட்டியில தண்ணி மிஞ்சும் இல்லையா? அதைப் பார்ப்போம். அவரே தன் தொட்டிக்கு வர்ற குழாயை வேணும்னே அடைச்சிருந்தா, அடைக்காட்டி எவ்வளவு வந்திருக்கும்னு அதையும் பார்ப்போம்."

அவளுக்குப் புரிந்தது. எல்லாமே புரிந்தது.

"வேலையை விட்டது இதுக்குத்தானா? முதுகு...?"

"நம்ம குடும்பத்துக்காகத்தானே செஞ்சேன்! மிஞ்சினா உனக்குத்தானே..."

"அந்தக் கண்ணாடி?"

அவர் குரல் இறங்கியது. "பிரேம்ல உன் கடைப் பேர் இருக்கு. அது அங்க போனா, யாராவது கடையைத் தேடி வருவாங்க... நான் மெஷின்ல நிக்கிறதைப் பாத்துடுவாங்க..."

தான் தைலம் தேய்த்த கைகளை அவள் ஒரு கணம் பார்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எழுதிக்குங்கம்மா. இவரு என் கடையில முழுநேரமும் லென்ஸ் சீவுறாரு. கை தேர்ந்த வேலை. அந்த வேலைக்கு வெளியில என்ன சம்பளமோ, அதை இந்த மாசத்துலேர்ந்து போடுறேன். பாப்பாவோட பங்கு போக மிச்சம்தான் இவர் கைக்கு வரணும்."

"என்னைக் காட்டிக் கொடுத்துட்டியேடி!"

"பிள்ளை கண்ணை மறைச்சவர்தானே நீங்க... உங்களைக் காட்டிக் கொடுத்தா என்ன தப்பு!"

மூலைக்குப் போய் பாப்பாவின் முன் மண்டியிட்டாள். கைப்பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து கண்ணாடியின் ஆடிய காலை முடுக்கினாள்.

"புதுசு நாளைக்குக் கிடைக்கும். என்ன கலர் வேணும்?"

"நீலம் இருக்கா சித்தி?"

அவள் தலையாட்டினாள். தோளில் ஒரு கை விழுந்தது. முதல் மனைவியின் கை. வெங்காய வாசனை வீசியது. "உன்னை எத்தனை நாள் சபிச்சிருக்கேன் தெரியுமா..." என்றாள் அவள். இரண்டு பேரும் அழுதார்கள். ஆனால் போன வருடங்களின் கசப்பு அந்தக் கண்ணீரில் கரைகிற கசப்பாக இல்லை.

வராந்தாவில் காத்திருந்த மாமியார் மகன் முகத்தைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டாள். "குடியைக் கெடுத்துட்டியே பாவி!"

கண்ணாடிக்காரம்மா நிற்கவில்லை. கணவர் படியிறங்கி ஓடி வந்தார். "எங்க போற? வீட்டுக்கு வரலையா?"

"எங்க அம்மா வீட்டுல இருக்கப் போறேன்."

"அப்ப நான்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடங்களில் முதல் முறையாக அவரிடம் கடை முதலாளியாகப் பேசினாள்.

"கடை காலையில ஒன்பது மணிக்குத் திறக்கும். வேலைக்கு வர்றதா இருந்தா, நேரத்துக்கு வந்துடுங்க."