கணக்குக்கு அடங்காத சறுக்குவண்டி

மாரித்தின் அக்கா ரக்னா, டிரான்ட்ஹைம் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் பயன்பாட்டுக் கணிதமும் படித்துவந்தாள். அதனால் அந்த வீட்டில் எந்த வேலையும் சீக்கிரம் முடியாது. பாலாடைக்கட்டி வெட்டுவதற்குக்கூட ரக்னா முதலில் ஒரு படம் வரைவாள்.

இப்போது அவளும் அவளோடு படிக்கும் தோர்கயரும் வீட்டுக்கு எதிரே இருந்த பனிமேட்டில் நின்றார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த பயிற்சி இது: மேட்டின் உச்சியிலிருந்து ஒருவர் சறுக்குவண்டியில் வந்தால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட வேண்டும். பிறகு நிஜமாகவே சறுக்கி, அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இருவருக்கும் தேர்வு எழுத அனுமதி இல்லை. அறிக்கை தர இன்று மாலை நான்கு மணி வரைதான் நேரம்.

கணக்கு அறுபத்திரண்டு மீட்டர் என்றது. தோர்கயர் உட்கார்ந்து வந்த வண்டியோ நாற்பதிலேயே நின்றது.

முதல் நாள் ரக்னா பனியைக் குறை சொன்னாள். இரண்டாம் நாள் காற்றை. மூன்றாம் நாளான இன்று, பூமி சுற்றுவதைச் சந்தேகப்பட்டாள். நோட்டுப் புத்தகத்தில் புதிதாக நான்கு கிரேக்க எழுத்துகள் சேர்ந்திருந்தன.

மாரித்துக்கு வயது பத்து. கிரேக்கம் தெரியாது. ஆகவே அவள் தரையைப் பார்த்தாள். வண்டி போன தடத்தில் நான்கு கோடுகள் இருந்தன.

வண்டியை மேலே இழுக்க உதவுகிற சாக்கில் தோர்கயருடன் நடந்தாள்.

"அண்ணா, வண்டிக்கு அடியில ரெண்டு சட்டம்தானே? மத்த ரெண்டு கோடு உங்க குதிகாலா?"

தோர்கயர் உச்சியில் நின்ற ரக்னாவை ஒரு முறை பார்த்துக்கொண்டான். பிறகு உண்மையைச் சொன்னான். அவன் ஊர் ஒரு கடற்கரைத் தீவு. அங்கே பனி விழுந்த வேகத்தில் மழை வந்து கழுவிவிடும். செவ்வாய்க்கிழமைதான் வாழ்க்கையில் முதன்முதலாகச் சறுக்குவண்டியில் உட்கார்ந்தான். இருபது வயதில் இதை இந்த நாட்டில் எவனாவது ஒப்புக்கொள்வானா? வண்டி கிளம்பியதும் கால்கள் தாமாகவே ஊன்றிக்கொள்கின்றனவாம்.

"ரக்னாவுக்குத் தெரிஞ்சா பட்டம் வாங்குற வரைக்கும் கிண்டல் பண்ணுவா."

"வாங்கின பிறகும் பண்ணுவா," என்றாள் மாரித். அக்காவைப் பத்து வருடமாக அறிந்தவள்.

தோர்கயர் பெருமூச்சு விட்டான். "பரவால்ல, சொல்லிடறேன். என்னால அவ தேர்வு போகக் கூடாது."

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் மாரித்.

உச்சிக்கு வந்ததும் அக்காவிடம் கேட்டாள். "வண்டியில யார் உட்கார்ந்தாலும் ஒரே இடத்துலதான் நிக்குமா?"

"ஆமா. சமன்பாட்டுல எடை ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும்."

"யானை உட்கார்ந்தாலும்?"

"யானையும் அங்கதான் நிக்கும். தொல்லை பண்ணாத, மாரித்."

"அப்ப நான் உட்கார்றேன்."

ரக்னா மறுக்க வாயைத் திறந்தாள். அவள் கையிலேயே அவளுடைய சமன்பாடு இருந்தது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

மாரித் கால்களைத் தூக்கிக்கொண்டு பறந்தாள். அறுபத்தொரு மீட்டர்.

ரக்னா மூன்று முறை அளந்தாள். முந்தைய ஓட்டங்களைப் பற்றி அறிக்கையில் என்ன எழுதுவது என்று தலையைச் சொறிந்தாள்.

"ஓட்டுநர் தரப்பில் கூடுதல் உராய்வு இருந்ததுன்னு எழுது," என்றான் தோர்கயர். அதில் பொய் ஒன்றும் இல்லை. சொற்றொடர் கம்பீரமாக இருந்ததால் ரக்னாவும் அப்படியே எழுதிவிட்டாள். நான்கு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அறிக்கை போய்ச் சேர்ந்தது. மறுநாளே அனுமதியும் வந்தது.

சனிக்கிழமை காலை ரக்னா ஜன்னலைத் திறந்து, மேட்டில் என்ன நடக்கிறது என்று கத்திக் கேட்டாள்.

"மேற்கொண்டு ஆராய்ச்சி," என்று பதில் வந்தது.

வண்டி கீழே பாய்ந்து வந்தது. பின்னால் தோர்கயர் கண்களை இறுக மூடியபடி உட்கார்ந்திருந்தான். முன்னால் மாரித், அவனுடைய பூட்ஸ் கால்கள் இரண்டையும் தன் இரு கக்கங்களிலும் இடுக்கிப் பிடித்திருந்தாள்.