வண்டிக்குப் பத்து, காலுக்கு மூன்று

2041 பிப்ரவரி 11. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். டாக்டர் வீட்டு டீசல் காரின் பானட்டைத் தொட்டுப் பார்க்காமலே ஆயுள்மானியை ஒட்டிவிட்டேன். வண்டி அப்போதுதான் வெளியே போய் வந்திருக்கிறது. சூடான இன்ஜினில் எடுத்த அளவு செல்லாது. இது என் சொந்த விதி, இந்தக் குறிப்பேட்டின் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது. நாளை காலை மறுபடியும் போக வேண்டும்.

மகிழினி இதை எழுதியது மாலை வகுப்பின் கடைசிப் பெஞ்சில். பகலில் முட்டைக் கிடங்கில் வேலை. அதற்கு நடுவே மூன்று வாரமாக, வாங்குவதற்கு ஒரு பழைய வண்டி பார்க்கிறாள்.

புது டீசல் கார்கள் வருவது நின்று வெகுகாலமாகிவிட்டது. நாமக்கல்லில் ஓடுபவை எல்லாம் பழையவைதான். உள்ளங்கை அகல ஆயுள்மானியை இன்ஜினில் ஒட்டினால், கால் மணி நேரம் அதிர்வைக் கேட்டு, புகையை முகர்ந்து, இன்னும் எத்தனை ஆண்டு பெரிய பழுதில்லாமல் ஓடும் என்று ஒரே எண்ணில் சொல்லிவிடும். பொய் சொல்லி விற்க முடியாது. ஊருக்குள் மட்டுமே ஓடிய, முப்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டாத பளபள வண்டிக்கு அது இரண்டு கொடுத்தது. குட்டி குட்டித் தூரம் ஓட்டியே புகைவடிகட்டியில் கரி அப்பியிருந்தது. மகிழினி கிட்டத்தட்ட அதற்குத்தான் முன்பணம் கொடுக்க இருந்தாள்.

இனியும் தவறக் கூடாது. அவள் அம்மா சுகந்தி விசேஷங்களுக்குச் சமைத்து அனுப்புகிறவள். போன மாதம் வாடகை வேன் வழியில் நின்று, காலைப் பொங்கல் முகூர்த்தம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தது. கையில் மிஞ்சியது ஒரே ஆர்டர், இருபத்து நான்காம் தேதி கொல்லிமலைக் கல்யாணம். அதுவும் கெட்டால் அடுப்பை மூட வேண்டியதுதான்.

மறுநாள் காலை அம்மாவோடு போனபோது பானட் ஜில்லென்று இருந்தது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. ஆயுள்மானி பத்து என்றது.

"நான் சொன்னா நம்பியிருக்க மாட்டீங்க," என்றார் கால்நடை மருத்துவர் நித்யகல்யாணி. மகனோடு இருக்க வெளியூர் போவதால் வண்டியை விற்கிறார். "இப்ப நீங்க ஒரு ரவுண்டு ஓட்டுங்க. நானும் ஒண்ணு பாக்கணும்."

அவர் கையிலும் ஓர் ஆயுள்மானி இருந்தது. புதிய ரகம். ஓட்டுகிறவரின் காலில் அந்த வண்டி எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்வது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுப் பட்டி மைதானத்தை மகிழினி இரண்டு முறை சுற்றினாள். வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தில் இடது கால் கிளட்ச்சை விட்டு எழவே இல்லை.

எண் மூன்று.

"சரியாப் போச்சு," என்றாள் சுகந்தி. "வண்டிக்கு ஜாதகம் பாக்க வந்தோம், வண்டி உனக்குப் பாத்துருச்சு கண்ணு."

"சிரிக்காதம்மா."

"தப்பா நினைக்காதீங்கம்மா," என்றார் டாக்டர். "மாட்டைக்கூட ஆளைப் பாத்துத்தான் குடுக்கச் சொல்லுவேன். ஏற்கெனவே ஓட்டிப் பாத்த ஒருத்தர் ஞாயித்துக்கெழமை திரும்ப வர்றார், அவர் காலுக்கு எட்டு. இப்பல்லாம் மாப்பிள்ளை பாக்கறப்பக்கூட கால் எண் கேக்கறாங்களாம்."

மகிழினி குறிப்பேட்டைப் புரட்டினாள். நாற்பத்து மூன்று கேள்விகள். எல்லாம் வண்டியைப் பற்றியவை.

சுகந்தி சேலையை இழுத்துச் செருகினாள். "நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

"உனக்கு ஓட்டத் தெரியுமாம்மா?"

"எங்கப்பன் தோட்டத்துல கரும்பு டிராக்டர் யாரு ஓட்டுனதுன்னு நினைச்ச? கட்டிக்கிட்டு வந்த பின்னால யாரும் கேக்கல. நானும் சொல்லல."

முதலில் வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. பிறகு நிற்கவில்லை. கியர் மாறியது காதுக்கே தெரியவில்லை. பட்டியிலிருந்த எருமை அசை போடுவதை நிறுத்தவில்லை.

எண் பத்து. டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்தார். "எனக்கே ஒம்போதுதாங்க." சாவியை எடுத்துச் சுகந்தியிடம் நீட்டினார். "எடுத்துக்குங்க. லைசன்ஸ் இருக்குதுங்களா?"

"ஏதுங்க?"

"அப்ப பழகுநர் உரிமம் வாங்குங்க. மலையேறும்போது லைசன்ஸ் உள்ளவங்க பக்கத்துல உக்காந்து மேற்பார்வை பாக்கோணும். அதான் சட்டம். உங்க பொண்ணுகிட்ட இருக்கே."

சுகந்தி மகளை மேலும் கீழும் பார்த்தாள். "மூணு மார்க்குக்காரி பத்து மார்க்குக்காரிக்குச் சொல்லித் தரப் போறியா?"

"நான் வாயே திறக்க மாட்டேம்மா," என்றாள் மகிழினி.

அன்று மாலை வகுப்பில் எழுதினாள்:

பிப்ரவரி 12. வண்டி பேசி முடிந்தது. நாளை காலை பத்து மணி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அம்மாவின் புகைப்படம் இரண்டு, முகவரிச் சான்று நகல். திரும்பும்போது எல் போர்டு வாங்க வேண்டும்.