கிணற்றில் இறக்கிய விளக்கு

இப்போதெல்லாம் யாரும் தண்ணீரில் கைவைத்துப் பார்ப்பதில்லை, பேசத்தான் செய்கிறார்கள். எரிவாயுவுக்குத் துளை போடலாமா கூடாதா என்று நடந்த கூட்டத்தில் கம்பெனிக்காரன் ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துக் காட்டினான். எதிர்க்கிறவன் கலங்கிய பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். நாற்பது வருஷம் கிணறு தூர்வாரிய கிழவர் இரண்டு பேரையும் நம்பாமல் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அவர் வீட்டுக் கிணறு கொதித்தது. உலை கொதிக்கிற அதே சத்தம், அதே குமிழி. மகள் ஒரு வாளி இறைத்துக் கையை விட்டாள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

“அப்பா, இது சரியில்லப்பா. வாயு வரும்னு கூட்டத்துல சொன்னாங்கல்ல.”

“ஒரு கூட்டத்துக்குப் போயிட்டு வந்து ஆளாளுக்கு இன்ஜினியர் ஆயிட்டீங்க. அடியில மோட்டார் குழாய் கழண்டு காத்து கக்குது, அவ்வளவுதான்.”

குழாயைப் பார்க்க இறங்குவதற்கு மருமகன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டான்.

இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பது தொழில் வழக்கம். கெட்ட காற்று இருந்தால் சுடர் அணையும். அவர் நம்பியது அது ஒன்றைத்தான். சுடர் அணையவில்லை. வழக்கத்தைவிட நீண்டு, நுனியில் நீலம் கட்டி நின்றது. பார்த்தார். பார்த்தும், “இறங்கு மாப்ளே” என்றார். விளக்கை வெளிச்சத்துக்காகப் பாதிக் கிணற்றிலேயே தொங்கவிட்டார்.

“நான் வரலைன்னா உங்க பொண்ணுக்கு யாரு மாமா பதில் சொல்றது?”

“நீ இருக்கும்போது மட்டும் சொல்லிக் கிழிச்சியா? போ.”

மருமகனின் கால் சுவரில் உரசுவதும், கயிறு விளிம்பில் முனகுவதும், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடையும், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கொதிப்பும் கலந்து மேலே ஏறி வர, அவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருந்தார். கொதிப்பு பலத்தது. உரசல் நின்றது.

“மாப்ளே.”

கொதிப்பு.

“மாப்ளே, குரல் குடு.”

கயிறு கனத்தது. மகளும் சேர்ந்து இழுத்தாள். எதிலோ மாட்டியிருந்தது. வரவில்லை. சுடர் இப்போது முழ நீளம். முழுக்க நீலம். திரியில் அது ஒட்டவே இல்லை.

“உங்க விளக்கை நம்பித்தானேப்பா இறங்கினாரு.”

“அணையலையே. பாரு, அணையலையே. காத்து நல்லாத்தான் இருக்கு. மயக்கமா இருக்கும். பிடிச்சுக்க, ஆளுங்களக் கூட்டிட்டு வரேன்.”

நடந்தார். வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. முற்றத்தில் எதற்கும் நிழல் இல்லை. பின்னால் மகள் புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கூப்பிடுவது நின்றது.

கிணற்றுப் பக்கமிருந்து வந்த வெளிச்சத்தில் மண் நீலமானது. அவர் நிழல் முன்னால் விழுந்தது. நீண்டது. பக்கத்திலேயே இன்னொரு நிழல். இரண்டு கைகளையும் தூக்கியபடி.

அவர் திரும்பவில்லை. “அணையலையே” என்று சொல்லிக்கொண்டே, அந்த நிழலின் மேல் கால் வைத்து நடந்தார்.