மெய்விளக்கு

இறந்த பிறகு நிறைமதி முதலில் கேட்டது, "எபா, கேஸை மூடிட்டியா?" என்று.

மூடிவிட்டதாக எபனேசர் சொன்னான். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு இதயம் நின்றது. பதில் சொல்லிவிட்டுக் கலத்தின் பக்கவாட்டில் இருந்த இருப்புமானியைப் பார்த்தான். அந்த ஒரு கேள்விக்கே முள் மயிரிழை இறங்கியிருந்தது. அதன்பின் அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

கலங்களை வைத்திருக்கும் கலவீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான். மூச்சு நின்ற ஒரு மணி நேரத்துக்குள் மூளையின் முடிச்சுகளைக் கலத்தில் உள்ள ஊட்டக்கூழுக்குள் மாற்றிவிட்டால் ஆள் எஞ்சுவார். அது பதிவு அல்ல, நகலும் அல்ல, அதே ஆள்தான். கேட்பார், யோசிப்பார், கோபப்படுவார், மனம் மாறுவார். ஆனால் கூழை மறுபடி நிரப்ப முடியாது. எழுப்பாமல் விட்டால் தூக்கம் போன்ற ஒன்றில் நாற்பது நாள் வரை கிடப்பார். எழுப்பிப் பேசினால் அவ்வளவு தாங்காது. நாலே நாளில் பேசித் தீர்ந்த ஒரு வக்கீலைப் பற்றிப் பாளையங்கோட்டைக் கலவீட்டில் இன்னும் சிரிப்பார்கள்.

எபனேசர் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுத் தினமும் வந்தான். கலத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எழுப்பவில்லை. முள்ளைப் பார்த்தான். அது அசையாத நாள் நல்ல நாள்.

அவளைச் செலவழித்தது அவன் அம்மா சொர்ணபாய்தான். சாயங்காலம் இரண்டு பஸ் மாறி வருவாள். எழுப்புவிசையைத் தொட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பாள். வாசித்து முடித்ததும் ஊர்க்கதை.

"கோயில் அசன விருந்துல இந்த வருசம் சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுட்டீ. சபைச் செயலாளர் வால்டர் ரெண்டு வாளி தண்ணிய ஊத்தச் சொல்லிட்டாரு. பந்தியில ஒருத்தர் மூஞ்சியையும் பாக்க முடியல."

"அவரு வீட்டுலயும் அப்படித்தான் அத்தை. சண்டை வந்தாலும் தண்ணிய ஊத்திருவாரு." கலத்தின் ஒலிவாயில் நிறைமதி சிரித்தாள்.

முள் இறங்கியது.

"யம்மா, அவ தீந்துருவா," என்றான் எபனேசர்.

"தீரத்தான் செய்வா. சும்மா வச்சிருந்து என்ன செய்யப்போற? ஊறுகாயா?"

அவன் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டான்.

நிறைமதி ஞானஸ்நானம் பெறாதவள். அவள் அப்பா பௌதிக ஆசிரியர், கறுப்புச்சட்டைக்காரர். கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் மதிலோரம் ஒரு மூலை உண்டு. அங்கே புதைத்தால் மணி அடிக்காது. சபைப் போதகரான ஐயர் அங்கி போடமாட்டார். அவள் உடல் குளிரறையில் இருந்தது. கலம் அடங்கிய பிறகுதான் அடக்கம்.

பழைய நாளாக இருந்தால் அந்த மூலையோடு பேச்சு முடிந்திருக்கும். கலம் வந்த பிறகு சபைகளுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. மூச்சு போனால் கதவும் போயிற்று, அதற்கப்புறம் தீர்ப்பு மட்டுமே என்றது ஒரு கட்சி. செத்தவர்களுக்காக நாங்கள் எப்போதும் ஜெபித்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்றார்கள் ரோமன் கத்தோலிக்கர். இந்தச் சபையின் குருபாதம் ஐயர் சபைகளின் மன்றத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என்று ஞாயிறுதோறும் சொல்லுகிறோமே, அங்கே சும்மா சுற்றிப் பார்க்கவா இறங்கினார்?"

கடைசியில் தீர்மானம் நிறைவேறியது. மரணம் என்பது மூச்சு நிற்பதல்ல, மனம் திரும்ப முடியாமல் போவது. ஆகவே கலத்தில் உள்ளவரும் மனந்திரும்பலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. சொந்தக்காரர்கள் நச்சரிக்கிறார்களே என்று யாரும் வாயளவில் சொல்லிவிடக் கூடாது. அதற்காக வந்தது மெய்விளக்கு. சொல்லுகிற சொல்லோடு முழு மனமும் சேர்ந்தால்தான் அது எரியும்.

ஒருநாள் சொர்ணபாய் தாழ்வாரத்துக்கு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஞானஸ்நானத்துக்கு அவ சரின்னுட்டாய்யா," என்றாள். அழுதிருந்தாள்.

எபனேசர் உள்ளே போய், முதல் நாளுக்குப் பிறகு முதல்முறையாக விசையைத் தொட்டான்.

"நெசமாவா, இல்ல அம்மாவுக்காகவா?"

"அதைச் சொல்லத்தானே வெளக்கு வச்சிருக்காங்க. எபா, இங்க எனக்குக் கை இல்ல. அத்தைக்கு ஒரு காப்பி போட்டுக் குடுக்க முடியாது. நல்ல மருமகள்னு பேரெடுக்க முடியாது. இருந்தும் வாராங்க. ஒண்ணுக்கும் ஆகாத ஒருத்தியை ஒரு ஆள் விடாம வந்து பாக்குது. கொடுத்தாத்தான் கிடைக்கும்னு அப்பா சொல்லித்தந்தாரு. இது அந்தக் கணக்குல வரல."

"அது அம்மா. கடவுள் இல்ல."

"தெரியும். அம்மாவுக்கு அது எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். யோசிக்க நெறைய நேரம் இருக்குல்லா."

"நானும்தான் தினமும் வந்தேன்."

"வந்த. எழுப்பலையே."

அவன் முள்ளைப் பார்த்தான். பாதிக்கும் கீழே போயிருந்தது. விளக்கை மாட்டினால் முழு மனமும் விழிக்க வேண்டும். மிச்சம் அநேகமாய் அதிலேயே போய்விடும் என்று கலவீட்டு ஆள் சொல்லியிருந்தான். கணவன் சம்மதிக்காவிட்டால் சடங்கு இல்லை. அவன் தலையசைக்காமல் இருந்தால் போதும். இன்னும் பல நாள் அவள் எதிரே இப்படியே உட்கார்ந்திருக்கலாம்.

"எபா, இருக்கியா?"

"இருக்கேன். ஐயரை வரச்சொல்லுதேன்."

கலவீட்டுக் கூடத்தில் குருபாதம் ஐயரும் வால்டரும் கமிட்டிக்காரர்களும் நின்றார்கள். ஞானஸ்நானம் பெறுகிறவர் பக்கத்தில் சபையார் ஒருவர் நின்று, அதே கேள்விகளுக்கு அதே பதிலைத் தானும் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். எபா நிற்கட்டும் என்றாள் நிறைமதி. பிறகு இன்னொன்றும் சொன்னாள்.

"எனக்கு மட்டும் வெளக்கா? கூட நிக்கிற ஆளுக்கும் வைங்க."

"அது வழக்கமில்லம்மா," என்றார் வால்டர்.

"செத்தவ பேசுறதும் வழக்கமில்லதான் சார்."

யாரோ சிரித்தார்கள். விளக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கலவீட்டு ஆள் தன் தலையில் மாட்டிக்கொள்ளும் நெற்றிப்பட்டை ஒன்று உண்டு. அதை எபனேசரின் தலையில் மாட்டினார்கள். மேசைமேல் இரண்டு விளக்குகள்.

தீமையை வெறுத்துவிடுகிறீர்களா என்று ஐயர் கேட்டார். இரண்டும் எரிந்தன. பிதாவை விசுவாசிக்கிறீர்களா என்றார். அவளுடையது எரிந்தது. அவனுடையது மங்கலாக, காற்றில் தீக்குச்சி போல எரிந்தது. ஐயர் அதைப் பார்த்தும் பாராததுபோல அடுத்ததற்குப் போனார்.

"உடல் உயிர்த்தெழும் என்றும், மறுமையில் நித்திய வாழ்வு உண்டு என்றும் விசுவாசிக்கிறீர்களா?"

"விசுவாசிக்கிறேன்," என்றாள் நிறைமதி. அவள் விளக்கைப் பார்க்கக் கண் கூசியது.

"விசுவாசிக்கிறேன்," என்றான் எபனேசர்.

அவன் விளக்கு இருண்டே கிடந்தது.

சிறுவயது முதல் அந்தப் பதிலைச் சொல்லிவந்தவன். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று மறுபடி சொன்னான். இருட்டுதான்.

"முன்னமே தெரியும்," என்றாள் அவள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. "மறுபடி பாப்போம்னு இருக்கிற ஆளு இப்படி முள்ளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க மாட்டான்."

வால்டர் தொண்டையைச் செருமினார். "வேற ஆளை நிறுத்திருவோம் ஐயரே. சொர்ணபாயம்மா நிக்கட்டும்."

கலவீட்டு ஆள் பட்டையைக் கழற்றி நீட்டினான். சொர்ணபாய் கை நீட்டினாள். பட்டையைத் தொடுமுன் கையை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னைக்குத் தலைவலி ஐயா."

பட்டை வால்டரிடம் போனது. அவர் அதைப் பக்கத்திலிருந்தவரிடம் தந்தார். அது கை மாறிக் கை மாறி ஐயரிடம் வந்தது. அவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"ஐயரே, தண்ணிய ஊத்துங்க," என்றாள் நிறைமதி. "நான் தீந்துட்டு இருக்கேன்."

துணை நிற்பவர் இல்லாமலே ஐயர் கலத்தின் மூடிமேல் மூன்று முறை தண்ணீர் வார்த்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. சொர்ணபாய் முந்தானையால் கலத்தைத் துடைத்தாள்.

"இப்ப நான் சபை ஆளா?"

"ஆமாம்மா."

"அப்ப நான் ஞானத்தாயா நிக்கலாம்லா?"

"யாருக்கு?"

"எபாவுக்கு. சொல்லத் தெரியாத கைப்பிள்ளைக்கு, பக்கத்துல நிக்கிறவங்க அது சார்பா சொல்லுவாங்கல்லா. இவனுக்கும் அந்த ஒண்ணைச் சொல்லத் தெரியல. நான் சொல்லுதேன்."

"உயிரோட இருக்கிறவனுக்குச் செத்தவங்களா?" என்றார் வால்டர்.

ஐயர் மேசைமேல் கவிழ்ந்து கிடந்த பட்டையைப் பார்த்தார். "தடை ஒன்றும் எழுதியிருக்கவில்லை," என்றார்.

"வேண்டாம் நிறை," என்றான் எபனேசர். "முள்ளு அடியில வந்துட்டு. பேசாத."

"சவமே, சும்மா நில்லு. கேளுங்க ஐயரே."

ஐயர் கேட்டார். எபனேசருக்காகவும் அவன் சார்பிலும், மறுமை உண்டு என்று விசுவாசிக்கிறாயா?

"விசுவாசிக்கிறேன்."

சொல் முடிந்தது. குரலும் முடிந்தது. முள் அடியில் படுத்தது. விளக்கு மட்டும் சற்று நேரம் எரிந்துகொண்டிருந்தது. கூழில் மிஞ்சிய சூடு என்று கலவீட்டு ஆள் பிறகு சொன்னான். எபனேசர் அவனிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

மணி அடித்தது. ஐயர் அங்கி போட்டிருந்தார். மதிலோர மூலையில் அல்ல, நடுத்தோட்டத்தில் வேப்பமரத்தருகே அடக்கம் நடந்தது. பக்கத்து இடம் எபனேசருக்கு என்று கமிட்டி ஒதுக்கியது. வால்டர்தான் முன்மொழிந்தார்.

செய்தி பரவியது. தீர்மானத்துக்குப் பிறகும் ஓயாதிருந்த, செத்தவர்களை இரட்சிக்கலாமா என்ற வாக்குவாதம் அதோடு நின்றுபோயிற்று. கலவீடுகளின் வாசலில் உயிரோடிருப்பவர்கள் வரிசையில் நின்றார்கள். அப்பா, ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லுங்க. அக்கா, எனக்கும் சேத்துச் சொல்லிரு. நாற்பது நாள் தாங்க வேண்டிய கலங்கள் ஒரே வாரத்தில் அடங்கின. விளக்குகள் எரிந்தபடி இருந்தன. நெற்றிப்பட்டையை மட்டும் யாரும் கேட்கவில்லை. தன் வாயால் சொல்லி, தன் தலையில் பட்டையை மாட்டி விளக்கை எரியவைத்த ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள் என்று மன்றத்தில் குருபாதம் ஐயர் கேட்டார். அவரும் மாட்டிக் காட்டவில்லை.

சொர்ணபாய் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "எங்க அம்மையும் அப்பனும் கலம் வாரதுக்கு முன்னாலயே போயிட்டாவ. எனக்கு யாருய்யா சொல்லுவா?"

"நீ பட்டையை மாட்டிப் பாத்திருக்கலாம்."

"எரியலேன்னா?"

அந்தக் கூடத்தில் நிறையின் விளக்கை எரியவைத்தது இவள் தினமும் ஏறிவந்த பஸ்தான் என்று எபனேசர் சொல்ல நினைத்தான். கீரைத் தண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தான்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். வேப்பம்பூ உதிர்ந்து மண்மேட்டை மூடியிருந்தது. பழக்கத்தில் கண் பக்கவாட்டில் போயிற்று. அங்கே முள் இல்லை. குறைவதற்கு ஒன்றும் இல்லை.

"கேஸை மூடிட்டேன், நிறை," என்று ஆரம்பித்தான்.

வெயில் ஏறும் வரை பேசிக்கொண்டிருந்தான்.