சீல் உடையாத கேன்கள்

“எவர்சில்வருக்கு எதுக்கு கேன் தண்ணி ஊத்துறோம், சொல்லு பாக்கலாம்?” என்று மேஸ்திரி ஞானதாஸ் ஒருமுறை செங்கேணியைக் கேட்டிருந்தார். பாலிஷ் போடும் அவள் சிரித்தாள்.

இன்று காலை 7.40. உத்திரமேரூர்ப் பட்டறையில் ஞானதாஸ் மல்லாந்து கிடந்தார். சோதனையிலிருந்த சின்ன அழுத்தக் கலன் வெடித்து, அதன் தட்டை மூடி மார்பைப் பிளந்திருந்தது. சுவரில் சதை. தரையெங்கும் ரத்தமும் தண்ணீரும். வலக்கையில் சோப்பு நுரை காயாத பிரஷ்.

“தண்ணி டெஸ்டு மேடம். கலன்ல தண்ணி ரொப்பி, பம்ப்பை ஓவரா அடிச்சிட்டான் இவன்,” என்றார் முதலாளி ஏகாம்பரம், எஸ்.ஐ. சசிரேகாவிடம். போலீஸ் வருவதற்குள், அங்கே வேலை செய்யும் செங்கேணியின் அண்ணன் சின்னராசுவின் வாயைக் கம்பியால் கிழித்திருந்தார்.

“நான் வர்றதுக்குள்ளவே வெடிச்சிடுச்சி மேடம்,” என்றான் சின்னராசு.

“அப்ப யார் இருந்தா?”

“மொதலாளி மட்டும்.”

“பொய்யி!” என்று கத்தினார் ஏகாம்பரம்.

11.15. உடல் போய்விட்டது. தரை காய்ந்துவிட்டது. எஸ்.ஐ. சசிரேகா சின்னராசுவுக்கு விலங்கு மாட்டினார்.

“மேடம், எங்கண்ணன் இல்ல,” என்றாள் செங்கேணி. “தரை வெள்ளையா பூத்துக்கீது பாருங்க.”

“போயி வேலையப் பாருடி!” என்றார் ஏகாம்பரம்.

“நீங்க சும்மா இருங்க. சொல்லும்மா.”

“அது போர் தண்ணி. உப்பு. எவர்சில்வர அரிச்சிடும், டெஸ்டுக்கு ஊத்தக் கூடாதுன்னு ஸ்டாண்டர்டுலயே கீது. நாங்க கேன் தண்ணிதான் ஊத்துவோம். மூலையில அஞ்சு கேனும் சீல் உடைக்காம கீது.”

“அப்ப கலன்ல தண்ணியே இல்ல?”

“காத்து மேடம். தண்ணின்னா கிழிஞ்சி ஒழுகும், ஆளைப் பொளக்காது. லேசா காத்து உட்டு, சோப்பு தடவி, ஓட்டை கீதான்னு மேஸ்திரி பாத்துக்கினு இருந்தாரு. யாரோ பின்னால காத்து வால்வ முழுசா தொறந்துட்டாங்க. அப்புறம் தண்ணி டெஸ்டு மாதிரி தெரியட்டும்னு வாளியில போர் தண்ணிய கொண்டாந்து ஊத்திட்டாங்க.”

“யாரு?”

“கேன் தண்ணி சங்கதி வேலை செய்ற எங்க மூணு பேருக்கும் தெரியும். மொதலாளிக்குத்தான் தெரியாது.”

சசிரேகா சுவரிலிருந்த கலனின் வரைபடத்தைப் பார்த்தார். அதில் மூடி தட்டையாக இல்லை, குவிமாடம் போல் வளைந்திருந்தது.

“செலவு கொறையட்டும்னு மொதலாளி தட்டையா மெல்லிசு தகடு வெச்சாரு. தாங்காது, செக் பண்ண வர்ற ஆபீசராண்ட சொல்லிடுவேன்னு நேத்து மேஸ்திரி சண்டை போட்டாரு.”

“வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் அந்த மேஸ்திரி,” என்றார் ஏகாம்பரம்.

விலங்கு கை மாறியது.

சின்னராசு ஒரு கேனின் சீலை உடைத்தான். வாய் கொப்பளித்து, ரத்தத்தை ஏகாம்பரத்தின் காலடியில் துப்பினான். வெளியே நடந்தான்.