மேலத்தெருக் குழாய்

ஆளில்லாத மேலத்தெருவிலிருந்து குழாயில் தட்டும் சத்தம் வந்தது. டங், டங். எல்லாரும் பிடித்தாயிற்று, மூடிவிடு என்று அர்த்தம்.

அந்த ஊரில் அப்படித்தான் வழக்கம். தண்ணிக்காரர் தொட்டியடியில் நின்று வால்வைத் திறந்துவிடுவார். தெருக்குழாயில் கடைசியாகப் பிடிப்பவர் தட்டினால் மூடுவார். இப்போது ஊரில் தட்டுவதற்கு அவர் மனைவி ஒருத்திதான். மற்றவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வந்தால் குழாய் துருப்பிடித்துக் கிடக்கக்கூடாதே என்று மேலத்தெருவுக்கும் அன்றாடம் திறந்துவிட்டார் மனுஷன். பைத்தியக்காரத்தனம்தான்.

"குழாய்ல காத்து அடைச்சிருக்கு," என்றார் வீட்டுக்கு வந்து.

அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி சிரித்தாள். "காத்து இவ்வளவு மரியாதையாவா தட்டும்? மகன்கிட்ட போயிடலாங்க. பேச ஆளில்லாம எனக்குப் பித்துப் பிடிக்குது."

"நாமளும் போயிட்டா ஊர்னு ஒண்ணு இருக்காது. அடுத்த மாசம் பார்க்கலாம்."

அவள் களைந்த தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு மேலத்தெருப் பக்கம் பார்த்தாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். பாசி வாடையும் ஈர இரும்பு வாடையும் கலந்து வீசிய தொட்டியடியில், தங்கள் தெருவுக்குத் திறந்துவிட்டு, குழாயில் காதை வைத்தபடி மனைவியின் தட்டலுக்காகக் காத்திருந்தார். அவள் வளையலால் தட்டுவாள், மெல்லிசாக. தண்ணீர் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது. இந்நேரம் குடம் வழிந்திருக்கும்.

கிண். கிண்.

மேலத்தெருக் குழாயில்.

ஓடினார். சாவிக்கொத்து இடுப்பில் குலுங்கியது. சாவிகள் எல்லாம் இருந்தன. மேலத்தெருவில் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன.

குழாயடியிலிருந்து தெருமுனை வரை குடங்கள் வரிசையாக நின்றன. நடுவில் அவள். பக்கத்தில் யாரிடமோ தலையாட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாருமில்லை. அவள் கையில் வளையலும் இல்லை.

கிண். கிண். குழாயில் தட்டல் நிற்கவில்லை.

"வந்துடு. இன்னிக்கே மகன்கிட்ட போயிடலாம்," என்று அவள் தோளைப் பிடித்தார். தோள் சில்லென்றிருந்தது.

"சும்மா நில்லுங்க," என்றாள், திரும்பாமலே. "உங்களுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

அப்போதுதான் பார்த்தார். அவளுக்குப் பின்னால், வரிசையில் விட்டிருந்த இடத்தில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

வரிசை நகர்ந்தது. அவர் குதிகாலில் பின்னாலிருந்து ஒரு குடம் மெல்ல இடித்தது.