அடைத்த குழாய்

பல் விளக்கி முடித்த பிள்ளையின் வாயிலிருந்து சேற்று வாடை அடித்தது. சடை பின்னிக்கொண்டிருந்த தங்கமாரி கையை நிறுத்திவிட்டு, "இங்கிட்டுத் திரும்பு. ஊது பாப்போம்" என்றாள். நாச்சியார் ஊதினாள். முதலில் பற்பசை மணம் வந்தது. அதற்கு அடியிலிருந்து, வெயிலே படாத பாசியும் களிமண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை ஒன்று குளிர்ச்சியாக எழுந்து தங்கமாரியின் முகத்தில் பட்டது. மண்ணைத் தின்றாயா என்று கேட்டதற்குப் பிள்ளை இல்லை என்று தலையாட்டியது. மழைக்காலம், வயிற்றில் பூச்சி இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வேறு வீடென்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். தங்கமாரிக்கு அதற்குக்கூட பயம். புருஷன் வேல்ராஜுக்கு ஒரகடத்துக் கம்பெனியில் வேலை நிலைக்கும்வரை, பிள்ளையைக் கோவில்பட்டிப் பக்கம் மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு வருஷம் போனில் முகம் பார்த்து அழுதவள் அவள். கூட்டிவரக் கிளம்பியபோது மாமியார், "அந்தக் காட்டுக்குக் கொண்டுபோயி பிள்ளையப் பறிகொடுத்துராத" என்றாள். அன்றிலிருந்து நாச்சியார் தும்மினால்கூட தங்கமாரி வெளியே சொல்வதில்லை. சொன்னால் பிள்ளையைத் திரும்ப ஊருக்கு அனுப்பச் சொல்வார்கள்.

ஒரகடத்தை ஒட்டிய சேரப்பணஞ்சேரியில், நெல் விளைந்த நிலத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. கம்பெனிக்கு விற்றதுபோக மிஞ்சிய இடத்தில் வீட்டுக்காரர் டில்லிபாபு வாடகைக்குக் கட்டிவிட்ட வீடுகள். வாசலுக்கு வாசல் கேன் தண்ணீர் வந்து இறங்கும். அடுப்படி மூலையில் டைல்ஸைத் துளைத்துக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் நின்றது. அதன் வாயில் கொசுவலைத் துணி கட்டியிருந்தது. "அத்த மட்டும் தொடாதம்மா" என்றார் டில்லிபாபு. ஏன் என்று சொல்லவில்லை.

குழாயிலிருந்து கரப்பான் வந்தது, கொசு வந்தது, வாடை வந்தது. எதிர்வீட்டிலேயே இருந்தும் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் எட்டிப் பார்க்கிற வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டால் பிழைப்பு நடக்குமா என்று, போன ஞாயிற்றுக்கிழமை வேல்ராஜைச் சிமெண்டு குழைக்கச் சொன்னதே தங்கமாரிதான். அவனும் வாய்வரை பூசி அடைத்துவிட்டு, "இனி ஒரு பூச்சி வராது, பாத்துக்க" என்றான்.

அன்று சாயங்காலம்தான் தெரிந்தது, அந்த வீட்டில் இத்தனை நாளும் ஒரு சத்தம் இருந்திருக்கிறது. மூலையிலிருந்து மெல்ல வந்துபோன அதைக் காற்று என்றே நினைத்திருந்தார்கள். அது நின்றதும் வீடு பொட்டென்று அமைதியானது. அன்றிலிருந்து நாச்சியார் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

இன்று மழை விடுமுறை. மத்தியானமே இருட்டிவிட்டது, கரண்டும் இல்லை. ரசஞ்சோறு சாப்பிட்டுப் பாயில் தூங்கிய பிள்ளைக்குப் போர்த்திவிடக் குனிந்த தங்கமாரி அப்படியே நின்றாள். பிள்ளை மூச்சை இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. அத்தனை காற்றுக்கு அந்தச் சின்ன நெஞ்சில் இடமில்லை. நெஞ்சு ஏறவும் இல்லை. சுவரில் தொங்கிய காலண்டர் தாள் பிள்ளை பக்கமாக எழும்பி நின்றது. பிறகு மூச்சு வெளியே வந்தது. தாள் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. வீடெங்கும் சேற்று வாடை.

வேல்ராஜுக்குப் போன் அடித்துப் பயனில்லை. கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நனைந்துகொண்டே எதிர்வீட்டுக்கு ஓடி, டில்லிபாபுவின் மனைவி செந்தாமரையைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். செந்தாமரை வாசல்படியில் நின்று பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அடுப்படி மூலையைப் பார்த்தாள்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிகீற? அத்த எதுக்கு அடச்ச?"

"கரப்பான் வந்துச்சுக்கா."

"அடியில கெணறு கீதும்மா. எங்க நெலத்துக் கெணறு. மூடுறப்போ அது மூச்சு வுடறதுக்குப் பைப்பு வுட்டோம். அது எது வழியாவது வுட்டுத்தான் ஆவும்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேக்கா."

"சொன்னா வாடகைக்கு வருவியா?" என்றாள் செந்தாமரை. உள்ளே கால் வைக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

தங்கமாரியின் ஊரிலும் கிணற்றை மூடினால் குழாய் விடுவார்கள்தான். ஆனால் அது வெட்டவெளியில் நிற்கும். டைல்ஸ் போட்ட அடுப்படியில் நின்றால் யாருக்குத் தெரியும்? டில்லிபாபுவைத் திட்டினாள், இந்த ஊரைத் திட்டினாள், சிமெண்டு குழைக்கச் சொன்ன தன் வாயைத் திட்டினாள். தேங்காய் உடைக்கும் அரிவாளை எடுத்து, அதன் முதுகால் குழாயின் வாயில் அடித்தாள்.

பின்னால் பாயில், இழுப்பு. நீண்ட இழுப்பு.

அடித்தாள். சிமெண்டு விரிசல் விட்டது. மறுபடி அடித்தாள். கட்டி உடைந்து உள்ளே விழுந்தது. விழுந்துகொண்டே போனது. வெகுநேரம் கழித்து, ஆழத்தில், தண்ணீரில் விழுந்த சத்தம்.

பாயில் இழுப்பு நின்றது.

அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தாள். கிணறு பிள்ளையை விட்டுவிட்டது. இனி அது தன் வழியில் போகும். நாளைக்கே வேறு வீடு பார்த்துவிடலாம். மாமியாருக்கு எதுவும் தெரியவேண்டாம்.

குழாயின் வாயில் கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது.

குளிர்ச்சியாக இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. சின்னச் சின்ன மூச்சு. முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். சேற்று வாடை இல்லை.

ரசஞ்சோற்று மணம். அதற்கு அடியில், காலையில் தேய்த்த பற்பசை.

காலண்டர் தாள் அசையாமல் தொங்கியது. பாயில் எந்தச் சத்தமும் இல்லை. தங்கமாரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. குழாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"எம்மா" என்றது குழாய். "இருட்டா இருக்கும்மா."